எனக்கில்லாத நோய்க்கு வந்த நாள்கள்

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை, காலை 9.40. வெளியே பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகை. வானம் ஈயத் தகடு போலக் கிடந்தது. மாலைக்குள் முதல் பனி கொட்டும் என்று வானொலி சொல்லியிருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரே மின்னஞ்சல் வந்து விழுந்தது.

எங்கள் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் கடுமையாக நோயுற்றிருக்கிறாராம். அவருடைய நோய் விடுப்பு முடியப்போகிறதாம். மனமுள்ளவர்கள் தாங்கள் சேர்த்து வைத்திருக்கும் நோய் விடுப்பிலிருந்து ஆளுக்கு ஐந்து நாள் வரை அவருக்குக் கொடுக்கலாம். கடைசித் திகதி நவம்பர் 30, மாலை நாலரை மணி. நோயாளி தம் பெயரை வெளியிட விரும்பவில்லை.

இரண்டு தரம் வாசித்துவிட்டு மூடிவிட்டேன். அப்போது ரொறன்ரோவின் அந்த அரச அலுவலகத்தில் எனக்கு இருபத்தொன்பது வருடச் சேவை. என் சேமிப்பில் 187 நோய் விடுப்பு நாள்கள் இருந்தன. ஓய்வு பெறும்போது அவற்றில் பாதிக்குக் காசு தருவார்கள். என் ஒரு நாள் சம்பளம் 284 டொலர். ஆகவே நான் காய்ச்சலோடு வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் எனக்கு 142 டொலர். சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் நாலு பேராகப் படுத்த காலத்திலேயே இந்தக் கணக்கைத் தொடங்கியவன் நான். பெயரில்லாத ஒருவருக்காக அதை உடைப்பதா?

இதில் நான் மட்டும் கஞ்சன் என்று எண்ண வேண்டாம். கல்யாண வீட்டில் கொடுக்கும் என்வலப்பில்கூடப் பெயர், மனைவி பெயர், ஊர் மூன்றும் எழுதாமல் எங்கள் ஆட்கள் கொடுப்பதில்லை. யாருக்குக் கொடுக்கிறோம், யார் கொடுத்தது என்று தெரியாத கொடையை எங்களால் கற்பனை செய்ய முடியாது. எனவே எங்கள் பிரிவில் இருந்த ஏழு தமிழரில் மதியச் சாப்பாட்டு அறையில் கூடியவர்கள் முதல் செய்த வேலை, நோயாளியைக் கண்டுபிடிப்பது.

ஏழு பேரில் ஒருவர் வேலையிலேயே இல்லை. என் பக்கத்து மேசைக்காரர், மன்னாரைச் சேர்ந்த பெண், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர். தாயைப் பார்க்க மன்னாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒக்ரோபர் நடுவில் விடுப்பில் போயிருந்தார். ஊருக்குப் போனவரை யாரும் சந்தேகிக்கவில்லை. மிச்சம் ஆறு பேர். அந்த ஆறில் அறுபத்துநாலு வயது எனக்கு மட்டும்தான். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டுக் கஞ்சியும் இடியப்பப் பாலும் குடித்து ஆறு இறாத்தல் குறைந்திருந்தவனும் நான்தான். கண் பரிசோதனைக்காக இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இரண்டாம் முறை வாகனத் தரிப்பிடத்தில் என்னை ஒருவர் பார்த்தும் இருந்தார். நான் என் மேசையில் இருந்து கஞ்சி குடித்து முடிக்குமுன்பே, ஒரு மணிக்குள் வழக்கு முடிந்துவிட்டது.

இரண்டு மணிக்கு, அந்த ஆறு பேரில் ஒருவரான காத்தான்குடித் தம்பி என் மேசைக்கு வந்தார். நல்ல மனிதர். குரல் மட்டும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. அன்று அதைக் கைக்குட்டையால் மூடியது போலத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணன், நான் அஞ்சு நாள் போட்டுட்டன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்க வேணாம்."

"எதுக்கு?"

"ஒண்டும் சொல்ல வேணாம் அண்ணன். எனக்கு விளங்குது."

"தம்பி, உங்களுக்கு விளங்கேல்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."

அவர் கண் கலங்கிவிட்டது. "எங்கட மாமாவும் இப்பிடித்தான் சொன்னவர். கடைசி மட்டும் இதையேதான் சொன்னவர்."

அந்த இடத்தில்தான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. எங்கள் ஆட்கள் வாழ்நாளில் இரண்டு விடயங்களை மறைப்பார்கள்: சம்பளம், நோய். நோய் இல்லை என்று ஒருவர் சொன்னால் சின்ன நோய் என்று அர்த்தம். மூன்று முறை சொன்னால் ஆள் தேறாது. நான் அன்று ஐந்து மணிக்குள் பதினொரு முறை சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை மனைவி கோயிலிலிருந்து வந்தாள். மேல்சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, கோயில்ல மூண்டு பேர் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவை. நானும் ஏனெண்டு தெரியாமல் சேர்ந்து அழுதனான். அழுது முடிச்ச பிறகுதான் கேட்டனான், ஆருக்கு என்ன எண்டு."

"சும்மா கதை. எனக்கு ஒண்டும் இல்லை."

"நீங்கள் சாகப்போறியள் எண்டு நான் அர்ச்சனை வரிசையில நிண்டு கேள்விப்பட வேணுமே? முப்பத்தாறு வருசம் உங்களுக்குச் சமைச்சனான். எனக்கு முதல்ல சொல்லியிருக்கக் கூடாதே?"

நான் சாகப்போவதை அவள் தாங்கிக்கொள்வாள் போலிருந்தது. மூன்றாம் ஆள் வழியாகத் தெரிய வந்ததைத்தான் தாங்க முடியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு நேர்த்தி வைத்துவிட்டாள். நான் தப்பினால் பிள்ளையாருக்கு ஓர் அபிஷேகம், 251 டொலர். நான் ஏற்கெனவே தப்பித்தான் இருக்கிறேன் என்பது பிள்ளையாருக்காவது தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமைக்குள் பதினொரு சாப்பாட்டுப் பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஆட்டெலும்பு சூப், முருங்கையிலைச் சூப், காத்தான்குடித் தம்பி வீட்டுக் கஞ்சி. பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மனைவி ரேக்-அவுட் கடையில் ரோல்ஸ் வாங்கி ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டிரண்டாக வைத்து அனுப்பினாள். 43 டொலர். ரோல்ஸைக் கண்டவர்கள், பாவம் இந்த நிலையிலும் மரியாதை தவறவில்லை என்று மேலும் உருகினார்கள்.

எனக்குப் பொய் பிடிக்காது. பிழையான கணக்கு அதைவிடப் பிடிக்காது. எனக்கென்று நினைத்து ஆட்கள் தங்கள் நாள்களைக் கொடுப்பது இரண்டும் சேர்ந்த ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை பல் வைத்தியரின் பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மதியம் சாப்பாட்டு அறையில் அதை மேசையில் விரித்தேன். இரண்டு பற்கள், பிடுங்கிய திகதி, கட்டிய காசு. அதன் பக்கத்தில் கண் வைத்தியரின் அட்டை. பிறகு வாயைத் திறந்து பள்ளங்களையும் காட்டினேன்.

ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப அண்ணனுக்கு உண்மையாவே ஒண்டுமில்லையா?" என்று காத்தான்குடித் தம்பி கேட்டார். குரலில் மகிழ்ச்சியைவிட ஏமாற்றம்தான் கூடுதலாக இருந்ததாக எனக்குப் பட்டது.

"ஒண்டுமில்லை."

"அப்ப அது ஆர்?"

"எனக்குத் தெரியாது. எனக்குத் தேவையும் இல்லை."

வென்றுவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பக்கத்து மேசைக்காரர்.

"அண்ணை, உங்களுக்கு வருத்தமாம் எண்டு கேள்விப்பட்டன். ஆஸ்பத்திரியிலயோ?"

"இல்லைப் பிள்ளை, நான் வீட்டில. நீர் மன்னாரில இருந்தோ எடுக்கிறீர்?"

அவர் பின்னால் ஸ்காபரோ பஸ் ஒன்று தரிப்பிடத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது.

"இல்லை அண்ணை. நானும் இஞ்சதான். கீமோ எடுத்துப்போட்டு வீட்ட போறன்."

மிச்சத்தையும் அவரே சொன்னார். மார்பில் கட்டி. மன்னாரில் தாய் நெஞ்சு வருத்தக்காரி. இங்கே ஒருவருக்குத் தெரிந்தால் தான் பஸ்ஸை விட்டு இறங்குமுன் செய்தி மன்னாருக்குப் போய்விடும் என்றார். அதைவிட, எல்லாரும் சூப்போடு வாசலில் வந்து நிற்பார்கள், பிள்ளைகள் பயந்துவிடும். அதனால்தான் பெயர் சொல்லவில்லை.

"என்ர சொந்த நாள் டிசம்பர் பதினாலோட முடியுது. நீண்டகால உதவிக் காசு மார்ச் முதலாம் திகதிதான் தொடங்கும். இடையில அம்பத்துநாலு நாள் வேணும் எண்டு ஒப்பீசில சொல்லுகினம். அதுக்குள்ள சம்பளம் நிண்டால் மோட்கேஜ் கட்டேலாமல் ரூஜில இருக்கிற வீடு போயிடும் அண்ணை. பிள்ளையளை எங்க கொண்டு போறது? நேற்று வரைக்கும் இருபத்துமூண்டு நாள் சேர்ந்தது. இண்டைக்கு ஒண்டும் வரேல்லை. ரெண்டு பேர், குடுத்ததைத் திருப்பி எடுக்கலாமோ எண்டும் கேட்டவையாம்."

பல் வைத்தியரின் பற்றுச்சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மதியம் அதை எல்லாருக்கும் விரித்துக் காட்டியதை அவரிடம் சொன்னேன்.

நாள்காட்டியை எடுத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "பிள்ளை, அம்பத்துநாலு பிழை. நத்தார், அடுத்த நாள், வருசப் பிறப்பு, பெப்ரவரியில வாற குடும்ப நாள், நாலும் சம்பளத்தோட லீவு. அம்பது போதும்."

"உண்மையாவோ அண்ணை?"

"கணக்கில நான் பகிடி விடுறேல்லை."

அவர் அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு மெல்லக் கேட்டார். "அண்ணை, நீங்கள் நாளைக்கு வேலைக்குப் போவியளோ?"

"இருபத்தொன்பது வருசமாப் போறன்."

"போகாமல் விடுவியளே? நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். சும்மா போகாமல் மட்டும் இருங்கோ. அக்காவுக்கும் சொல்லாதேங்கோ. அக்கா நல்ல மனுசி, ஆனா…"

"ஓம் பிள்ளை. அந்த 'ஆனா' எனக்குத் தெரியும்."

மறுநாள் தொடங்கி நவம்பர் 30 வரை எட்டு வேலை நாள்கள் விடுப்பு எடுத்தேன். சுகமாக இருந்துகொண்டு நோய் விடுப்பு எடுப்பது களவு. எனவே என் ஆண்டு விடுமுறையிலிருந்து எடுத்தேன். எடுக்காமல் விட்டிருந்தால் ஓய்வு பெறும்போது அதற்கு முழுக் காசு கிடைத்திருக்கும். எட்டு நாள், 2,272 டொலர். காரணம் என்னவென்று முகாமையாளர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி உடனே அனுமதித்தார். இருபத்தொன்பது வருடத்தில் என் வேண்டுகோள் ஒன்றை அவ்வளவு விரைவாக யாரும் நிறைவேற்றியதில்லை.

சுகதேகியாக வீட்டில் இருப்பது எவ்வளவு கடினம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பனி தள்ளப் போனால் மனைவி சவளைப் பறித்தாள். செருமினால் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். வியாழக்கிழமை குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோனாள். தமிழ்ப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. இரத்தம், சிறுநீர், நெஞ்சு எல்லாம் பார்த்தார். முடிவுகள் திங்கட்கிழமை வந்தன.

"அங்கிள், உங்கட வயசுக்கு நீங்கள் நல்லா இருக்கிறியள். கொலஸ்ட்ரோல்கூட என்னைவிடக் குறைவு."

வெளியே வாகனத் தரிப்பிடத்துக்கு இரண்டு நாளும் சேர்த்து 18 டொலர் கட்டிக்கொண்டு நின்றபோது மனைவி சொன்னாள்: "முகத்தைக் கவனிச்சனீங்களோ? எனக்கு முன்னால சொல்ல விரும்பேல்லை."

இடையில் சனிக்கிழமை சீட்டு. இருபது பேர், மாதம் ஆளுக்கு ஐந்நூறு டொலர். சேரும் பத்தாயிரத்தை, யார் கூடிய கழிவு கேட்கிறாரோ அவர் அந்த மாதம் எடுப்பார். அவர் விட்டுக்கொடுக்கும் கழிவு எல்லாருக்கும் பங்காகும். அவசரக்காரர் முதலில் எடுப்பார்கள். நான் எந்தச் சீட்டிலும் கடைசி மாதம்தான் எடுப்பேன், கழிவில்லாமல் முழுதாக. அது எல்லாருக்கும் தெரியும். அன்று நான் போய் உட்காரு முன்பே சீட்டு நடத்தும் அம்மா எழுந்து நின்றார்.

"அண்ணை, நாங்கள் எல்லாரும் கதைச்சனாங்கள். இந்த மாசம் ஒருத்தரும் கேக்க மாட்டம். நீங்கள் எடுங்கோ."

"எனக்கு இப்ப காசு தேவையில்லை, தங்கச்சி. நான் கடைசிக்குத்தான்."

கடைசி என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.

"அண்ணை, அந்தக் கதை வேண்டாம்," என்றார் அவர். "தேவையில்லை எண்டுதான் சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். பிள்ளையளுக்கு விட்டிட்டுப் போக எண்டாலும் எடுங்கோ."

போன வாரமாயிருந்தால் பற்றுச்சீட்டை விரித்திருப்பேன். இப்போது என்னால் முடியாது. அந்த அறையில் இருந்த மூன்று பேரின் சகோதரர்கள் என் அலுவலகத்தில் வேலை செய்தார்கள். பேசாமல் எடுத்தேன். யாரும் போட்டிக்குக் கேட்காவிட்டாலும் ஆகக் குறைந்த கழிவு ஐந்நூறு என்பது சீட்டின் விதி. இரக்கப்பட்டவர்களுக்கும் விதியை மாற்ற மனம் வரவில்லை. கழிவில் என் பங்காக இருபத்தைந்து திரும்பி வந்தது. நட்டம் 475. கைதட்டி அனுப்பினார்கள்.

ஆனால் நான் வேலைக்குப் போகாதது தன் வேலையைச் செய்தது. பற்றுச்சீட்டு பொய் என்று முடிவாகிவிட்டதாம். பல் வைத்தியர் எனக்குத் தூரத்து உறவு என்றும், என் வற்புறுத்தலால் எழுதிக் கொடுத்தார் என்றும் கதை. திருப்பிக் கேட்ட இரண்டு பேரும் வெட்கப்பட்டு மேலும் இரண்டிரண்டு நாள் போட்டார்களாம். பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் எண்ணிக்கை மட்டும் சொல்வார். இருபத்தொன்பது. முப்பத்துநாலு. நாற்பத்தொன்று. மனைவி யார் என்று கேட்டால் "கணக்குக் கேக்கினம்" என்பேன். அது உண்மை.

30ஆம் திகதி வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு எடுத்தார். குரல் உடைந்திருந்தது.

"நாற்பத்தாறு, அண்ணை. இனி ஆரும் மிச்சமில்லையாம்."

நாலு நாள் குறைவு. நாலு நாள் சம்பளம் இல்லாவிட்டால் வீடு போய்விடாது என்று கணக்குச் சொல்லும். ஆனால் இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் தொடர்ச்சி முறிந்துவிடும், உதவிக் காசும் பிந்தும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். விதிகள் மனிதரைவிட நுணுக்கமானவை.

இத்தனை நாளும் நான் கொடுக்கவில்லை. எனக்கென்று வந்து சேர்ந்த நாள்களை எண்ணிக்கொண்டிருந்தவன், என்னுடையதை அதில் சேர்க்க மறந்துபோனேன் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. நானும் நம்பவில்லை. மேல்சட்டையைப் போட்டேன்.

"இந்தக் குளிருக்குள்ள எங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒப்பீசுக்கு. ஒரு கையெழுத்து."

அவள் என் கழுத்தில் சால்வையை மூன்று சுற்றுச் சுற்றினாள். பென்சன் கடதாசியில் தன் பெயரைப் போடப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை.

பஸ், சுரங்க ரயில், பிறகு இரண்டு தெரு நடை. மூன்று முப்பத்தைந்துக்கு உள்ளே போனேன். மின்தூக்கி திறந்தபோது உள்ளே காத்தான்குடித் தம்பி நின்றார். என்னைக் கண்டதும் கையிலிருந்த கோப்பைக் கீழே போட்டார்.

"அண்ணன்! எல்லாரையும் ஒருக்காப் பாத்துட்டுப் போக வந்தீங்களா?"

"இல்லைத் தம்பி. ஒரு அலுவல்."

அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மூன்று மாடி ஏறும் வரை விடவில்லை. என் கண்ணாடி அவர் தோளில் இடித்து வளைந்தது. அந்த மனிதர் முதல் நாளே ஐந்து நாள் போட்டவர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தனக்கென்று சேமிப்பில் ஒன்பது நாள்தான் வைத்திருந்தவர் என்று பிற்பாடு அறிந்தேன். எனக்கு 187.

விடுப்புப் பிரிவில் இருந்த பெண் வெள்ளைக்காரி, உண்மை முழுதும் தெரிந்த ஒரே அலுவலர். கொடுக்கிறேன் என்று நான் சொன்னதும் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாடி முழுக்க நோயாளி என்று நம்பும் ஆள் சால்வையோடு வந்து தன் நோய் விடுப்பைத் தானம் செய்வதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அது பயிற்சி.

"எத்தனை நாள்?" என்றார்.

நாலு என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். நாலுதான் சரியான விடை. ஆனால் திடீரென்று பயம் பிடித்தது. நான் ஒரு விடுமுறை நாளைப் பிழையாக எண்ணியிருந்தால்? குடும்ப நாள் உண்மையில் பதினெட்டாம் திகதிதானா?

"ஐந்து," என்றேன்.

என் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அந்த ஐந்தாவது நாள் யாருக்கும் தேவைப்படவில்லை. திருப்பித் தரும் விதியும் இல்லை. பொது இருப்பில் அது இன்னும் கிடக்கிறது. ஐந்து நாளுக்கும் பாதிப்படி 710 டொலர்.

டிசம்பர் மூன்றாம் திகதி வேலைக்குத் திரும்பினேன். மருந்து பிடித்துவிட்டது என்றார்கள். புதிய பல் கட்டினேன், சோறு சாப்பிட்டேன், ஆறு இறாத்தலும் திரும்பி வந்தது. அதிசயம் என்றார்கள். எனக்கு ஒன்றும் இருக்கவில்லை என்று அப்போதும் சொன்னேன். இவ்வளவு பெரிய வருத்தத்தை இவ்வளவு தன்னடக்கத்தோடு வென்றவரைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள்.

அடுத்த ஜூனில் எனக்குப் பிரியாவிடை. காத்தான்குடித் தம்பி ஒலிபெருக்கி இல்லாமலே பேசினார். "நாங்க எல்லாரும் சேந்து குடுத்த நாள்தான் இந்தா நிக்குது, சிரிச்சிக்கிட்டு!" என்று என்னைக் காட்டினார். மண்டபம் கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் பக்கத்து மேசைக்காரர். வேலைக்குத் திரும்பி ஒரு மாதம். தலைமயிர் ஓர் அங்குலம்தான் வளர்ந்திருந்தது. மன்னார் வெக்கைக்கு வெட்டினது என்று சொல்லியிருந்தார். ஒருவர்கூடச் சந்தேகிக்கவில்லை. நான் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை. அவர் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள்.

கேக் துண்டோடு என் பக்கத்தில் வந்தார். "வீடு இருக்குது அண்ணை. கட்டியும் இல்லை எண்டிட்டினம். இனி அக்காவுக்குச் சொல்லுங்கோ."

அன்று வீட்டுக்குப் போனதும் சொன்னேன். மனைவி முழுதையும் கேட்டாள். நான் எதிர்பார்த்தபடி திட்டவில்லை.

"ஏழு மாசமா என்னைப் பேய்க்காட்டினியள்."

"நான் ஒண்டும் இல்லை எண்டுதானே சொன்னனான். முதல் நாளில இருந்து."

"அப்ப என்ர நேர்த்தி?"

"அதுதான் வீண். 251. எழுதி வைச்சிருக்கிறன்." மற்றச் செலவுகளையும் சொன்னேன். மொத்தம் 3,769.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள். "நான் பிள்ளையாரிட்ட உங்கட பேர் சொல்லித்தான் கேட்டனான். அவர் ஆளை மாத்திக் குடுத்திருக்கிறார். குடுத்தவர்தானே? அந்தப் பிள்ளை தப்பினதுதானே? உதை உங்கட கணக்கில சேர்க்காதேங்கோ."

விதிப்படி அவள் சொன்னது சரி. 251ஐக் கழித்தேன். 3,518 டொலர்.